மந்தைவெளி (ஊர்ப் பொது மேய்ச்சல் நில) கோல்ஃப் மைதானங்களில் விருந்தினராக ஆடியவர்களின் அனுபவம் வேண்டும்

தேம்ஸ்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். லண்டனுக்கு மேற்கே வசிக்கும் நாங்கள் மூன்று நண்பர்கள், ஜூன் மாதக் கடைசியில் ஒரு வார இறுதியைக் கோல்ஃபுக்கென்றே ஒதுக்கியிருக்கிறோம். அந்தச் சமயத்தில் சென்னையிலிருந்து என் மாமனாரும் வந்திருப்பார் என்பதால் நான்காவது ஆட்டக்காரர் அவர்தான். இதுவரை நாங்கள் ஆடியவையெல்லாம் நகரத்தை ஒட்டி, வேலிக்குள், மரங்களை வரிசையாக நட்டு வளர்த்த மைதானங்கள். இம்முறை ஊர்ப் பொது மேய்ச்சல் நிலத்திலேயே அமைந்த பழைய கிளப் ஒன்றில் ஆடிப் பார்க்க வேண்டும் என்று எல்லோருக்கும் ஆசை. கோட்ஸ்வோல்ட்ஸ் பகுதியிலுள்ள மின்சின்ஹாம்ப்டன் பழைய மைதானம், அதற்கு அருகிலேயே இருக்கும் பெயின்ஸ்விக், இன்னும் வடமேற்கே வேல்ஸ் எல்லையோரமுள்ள கிங்டன் ஆகிய மூன்றையும் மனத்தில் வைத்திருக்கிறோம்.

எனக்குள்ள ஐயங்கள் இவை. உறுப்பினர் அல்லாத எங்களைப் போன்றவர்களை இத்தகைய கிளப்களில் எப்படி நடத்துகிறார்கள்? மாடும் ஆடும் நடமாடும் இடத்தில் உண்மையிலேயே ஒழுங்காக ஓர் ஆட்டம் ஆட முடியுமா, அல்லது ஒரு முறை பார்த்துவிட்டு வரும் வேடிக்கையாகத்தான் அது முடிந்துவிடுமா? மணல் பங்கர்களே (பந்தைச் சிக்கவைக்கும் மணல் குழிகளே) இல்லாத மைதானம் சப்பென்று இருக்காதா? எல்லாவற்றையும் விட முக்கியமானது மாமனாரைப் பற்றியது. அவர் பல ஆண்டுகள் கிண்டி குதிரைப் பந்தயத் திடலுக்குள் இருந்த சமதளமான மைதானத்தில், கேடி (உடன் வரும் உதவியாள்) பையைச் சுமந்து வர, பந்து விழுந்த இடத்தைக் கேடியே கண்டுபிடித்துச் சொல்ல, ஆடிப் பழகியவர். வயது எழுபதை நெருங்குகிறது. நடக்கத் தயங்குபவர் அல்லர். ஆனால் மலையேற்றம் அவருக்குச் சரிப்பட்டு வருமா என்று தெரியவில்லை. இந்த மைதானங்களில் ஆடியவர்கள் மனம்விட்டு எழுதினால் பெரிதும் உதவியாக இருக்கும்.

கோட்ஸ்வோல்ட் குடி எழுதியது:

வணக்கம். நான் இந்தப் பகுதியிலேயே நெடுநாளாக வசிப்பவன். மேய்ச்சல் நிலங்களில் ஆடுவதையே மிகவும் விரும்புபவன். ஆகவே கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் மாமனாரைப் பற்றிய கேள்விக்கு வருகிறேன், ஏனென்றால் நீங்கள் குறிப்பிட்ட மூன்று இடங்களில் எதைத் தேர்ந்தெடுப்பது என்பதை அதுவே முடிவு செய்யும். பெயின்ஸ்விக் நீளத்தில் மிகச் சிறிய மைதானம். பதினெட்டுக் குழிகளும் சேர்ந்து ஐயாயிரம் கஜத்தைக்கூடத் தொடாது. அந்த எண்ணைப் பார்த்து அது எளிது என்று நினைத்துவிடக் கூடாது. இரும்புக் காலத்து மலைக்கோட்டை ஒன்றின் மண்மேடுகளின் மேலும் கீழுமாகவே அந்த மைதானம் ஏறி இறங்குகிறது. தள்ளுவண்டியை இழுத்துக்கொண்டு அந்தச் சரிவுகளில் ஏறுவதற்குள் நடுவயதினருக்கே போதும் போதும் என்றாகிவிடும். கிங்டன் அதைவிட உயரத்தில், பிராட்னர் குன்றின் மேல், ஏறத்தாழ 1,284 அடியில் இருக்கிறது. இங்கிலாந்தின் பதினெட்டுக் குழி மைதானங்களில் மிக உயரமானது அதுதான் என்பார்கள். அங்கும் ஏற்ற இறக்கம் உண்டு. மின்சின்ஹாம்ப்டன் மந்தைவெளி மட்டுமே மேட்டுச் சமவெளி. பள்ளத்தாக்குகளுக்கு மேலே பலகையை வைத்ததுபோல் பரந்து கிடக்கும் அந்த நிலத்தில், ஆங்காங்கே இருக்கும் குழிவுகளையும் பழங்கால மண்கரைகளையும் தவிர, மூச்சு வாங்க வைக்கும் ஏற்றம் பெரிதாக ஒன்றும் இல்லை. கிண்டியில் ஆடியவருக்கு அதுவே பொருந்தும்.

முன்பதிவு செய்யும்போது ஒன்றை மறக்காதீர்கள். மின்சின்ஹாம்ப்டன் கிளப்புக்கு மூன்று மைதானங்கள் உண்டு. மந்தைவெளியில் இருப்பது 1889-இல் தொடங்கிய பழைய மைதானம். மற்ற இரண்டும் சில மைல் தள்ளி, வேலிக்குள், வேறொரு கிளப்ஹவுஸை ஒட்டி இருப்பவை. அவையும் நல்ல மைதானங்களே. ஆனால் நீங்கள் தேடுவது அவற்றை அல்ல. பழைய மைதானம் என்று தெளிவாகச் சொல்லிப் பதிவு செய்யுங்கள், வண்டியின் வழிகாட்டியிலும் அந்த முகவரியையே இடுங்கள்.

இனி மாடுகளைப் பற்றி. அந்த நிலம் நேஷனல் டிரஸ்ட் என்ற நிலப் பாதுகாப்பு அமைப்பின் பொறுப்பில் உள்ளது. மேய்க்கும் உரிமை சுற்றுவட்டாரக் குடியானவர்களுடையது. ஆண்டுதோறும் மே மாத நடுவில் மாடுகளுக்கு அடையாளமிட்டு அவிழ்த்துவிடுவார்கள். அதற்குப் பிறகு இலையுதிர் காலம் முடியும் வரை அவை மைதானத்திலும், அதை ஊடறுத்துச் செல்லும் சாலைகளிலும், தம் விருப்பம்போல் நடந்துகொண்டிருக்கும். ஆகவே ஜூன் கடைசியில் மாடுகள் நிச்சயம் இருக்கும். அவை சாதுவானவை. ஆனால் கன்றோடு இருக்கும் பசுவுக்கு நடுவே புகுந்து பந்தைத் தேடுவது எந்த நாட்டிலும் தகாது, எனவே அங்கே மட்டும் விலகி நடங்கள். ஃபேர்வேயின் (பந்தை அடித்து முன்னேறும் புல் பாதையின்) நடுவில் மாடு படுத்திருந்தால் அது எழும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. பெரும்பாலும் அதைத் தாண்டியோ சுற்றியோ அடித்துவிடலாம். சாலையைக் கடந்து அடிக்க வேண்டிய குழிகளில் மட்டும் அவசரமே கூடாது. வண்டி வருவது தெரிந்தால், அது எவ்வளவு தொலைவில் இருந்தாலும், மட்டையைக் கீழே வைத்துவிட்டு அது கடந்து போகும் வரை நிற்பதுதான் அங்குள்ள வழக்கம்.

ஆட்டம் ஒழுங்காக இருக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். என்னைக் கேட்டால், இதைவிட ஒழுங்கான கோல்ஃப் கிடையாது என்பேன். சுண்ணாம்புப் பாறையின் மேல் மெல்லிய மண் படிந்த நிலம் என்பதால் மழை நீர் தங்குவதில்லை; கோடையில் தரை கட்டாந்தரையாகிவிடும். கால்நடைகள் கடித்துக் கடித்துப் புல் ஒட்டக் கத்தரித்தாற்போல் இருக்கும். அத்தகைய தரையில் பந்துக்கு அடியில் மட்டையை நுழைத்து உயரத் தூக்கி அடிக்கப் பார்த்தால், வெட்ஜின் (பந்தை உயரத் தூக்கும் மட்டையின்) அடிப்பகுதி தரையில் மோதி எகிறி, பந்து கிரீனை (குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தளத்தை) தாண்டிப் பாயும். எட்டாம் எண் அயர்ன் மட்டையை எடுத்து, கிரீனுக்கு முப்பது கஜத்துக்கு முன்பே பந்தைத் தரையில் இறக்கி உருட்டிவிட வேண்டும். பந்து விழுந்த பிறகு எந்த மேட்டில் ஏறி எந்தப் பள்ளத்தில் திரும்பும் என்று முன்கூட்டியே கணிப்பதுதான் அங்கே முழு ஆட்டமும். மணல் பங்கர் இல்லையே என்று கவலைப்பட்டீர்கள். பழைய கல் எடுத்த குழிகளும் புல் மூடிய பள்ளங்களும் அந்த வேலையை இன்னும் கடுமையாகவே செய்கின்றன. மணலில் பந்து எப்படிக் கிடக்கும் என்று ஓரளவு ஊகிக்கலாம், புல் பள்ளத்தில் அதுகூட முடியாது.

விருந்தினர்களை நடத்தும் விதத்தில், நான் போன மந்தைவெளிக் கிளப்களில் குறை சொல்ல ஒன்றும் இருந்ததில்லை. ஜீன்ஸைத் தவிர்த்து, கழுத்துப்பட்டியுள்ள சட்டை அணிந்து, குறித்த நேரத்துக்குக் கால் மணி முன்பாகவே போய் ப்ரோ ஷாப்பில் (கிளப்பின் கடையில்) பெயரைச் சொன்னால் போதும். மைதானத்தில் எந்தக் குழியில் எதை நோக்கி அடிக்க வேண்டும் என்று மட்டும் அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள். கண்ணுக்குத் தெரியாத இலக்கை நோக்கி அடிக்க வேண்டிய குழிகள் இத்தகைய இடங்களில் உண்டு. உள்ளூர்க்காரர்கள் அதைச் சொல்லித் தருவதில் மகிழ்ச்சியடைவார்கள்.

விதிநூல் எழுதியது:

மேலே எழுதியவர் ஆட்டத்தைப் பற்றி அழகாகச் சொல்லிவிட்டார். கால்நடை நடமாடும் மைதானத்தில் முதன்முறை ஆடுபவர்கள் வழியில் நின்று வாதாடாமல் இருக்க, விதிகளை மட்டும் நான் சொல்லிவிடுகிறேன்.

ஆட்டுப் புழுக்கையும் மாட்டுச் சாணமும் விதிப்படி தளர்பொருள்கள். சருகையும் சுள்ளியையும் போலவே அவற்றைத் தண்டனையின்றி அகற்றலாம். அகற்றும்போது பந்து அசையக் கூடாது. கிரீனுக்கு வெளியே அசைந்தால் ஓர் அடி தண்டனை. நின்றுகொண்டிருக்கும் பந்தை மாடு உதைத்துவிட்டாலோ ஆடு முகர்ந்து நகர்த்திவிட்டாலோ, அது முன்பிருந்த இடத்திலேயே திரும்ப வைத்து ஆட வேண்டும், தண்டனை இல்லை. ஆனால் விலங்குதான் நகர்த்தியது என்பது தெரிந்திருக்க வேண்டும் அல்லது ஏறத்தாழ உறுதியாக இருக்க வேண்டும். பக்கத்தில் ஆடு நிற்கிறது என்பதற்காகத் தொலைந்த பந்தின் பழியை அதன் மேல் போட முடியாது. ஓடுகிற பந்து மாட்டின் மேல் பட்டுத் திரும்பினால், அது எங்கே நின்றதோ அங்கிருந்தே ஆட வேண்டியதுதான். கிரீனின் மேல் பட்டரால் (உருட்டும் மட்டையால்) உருட்டிய பந்து விலங்கின் மேல் பட்டால் மட்டும் அந்த அடி கணக்கில் வராது. பழைய இடத்திலிருந்தே மறுபடி ஆட வேண்டும்.

குளம்புத் தடங்களில்தான் குழப்பம் மிகுதி. கிரீனின் மேல் குளம்பு பதிந்திருந்தால் அதைத் தாராளமாகச் சரிசெய்துவிட்டு ஆடலாம். ஃபேர்வேயில் குளம்புத் தடத்துக்குள் பந்து கிடந்தால் பொது விதிப்படி சலுகை கிடையாது. முயல் தோண்டிய வளைக்குள் பந்து விழுந்தால் சலுகை உண்டு, குளம்புத் தடம் வளையாகாது. பல கிளப்கள் இதற்கென உள்ளூர் விதி வைத்திருக்கும், ஆகவே ஸ்கோர் அட்டையின் பின்பக்கத்தை முதல் டீயில் (முதல் குழிக்கு அடிக்கத் தொடங்கும் இடத்தில்) நிற்கும்போதே படித்துவிடுங்கள். பந்தைத் தேட இப்போது மூன்று நிமிடம்தான், 2019-க்கு முன்பிருந்த ஐந்து நிமிடம் அல்ல. கேடி இல்லாமல் முதன்முறை ஆடும் பெரியவருக்கு இதை முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது. நால்வரும் ஒவ்வொரு பந்தும் விழும் இடத்தைக் கண்ணால் தொடர்ந்து குறித்துக்கொள்ளுங்கள்.

மாமனாரின் ஹேண்டிகேப் (ஆட்டத்திறனைக் காட்டும் எண்) இந்திய கிளப்பில் பதிவாகியிருந்தால் அது இங்கும் செல்லும், இரு நாடுகளிலும் இப்போது ஒரே உலக முறைதான். மைதானத்துக்கான ஹேண்டிகேப்பைக் கணக்கிட, அவரது எண்ணை அந்த மைதானத்தின் ஸ்லோப் மதிப்பால் (சாதாரண ஆட்டக்காரருக்கு அது எவ்வளவு கடினம் என்று காட்டும் எண்ணால்) பெருக்கி, 113-ஆல் வகுத்து, மைதான மதிப்பீட்டுக்கும் (தேர்ந்த ஆட்டக்காரரிடம் எதிர்பார்க்கும் அடிகளுக்கும்) பாருக்கும் (மைதானத்துக்கு வகுத்த அடிகளுக்கும்) உள்ள வேறுபாட்டைச் சேர்க்க வேண்டும். எடுத்துக்காட்டாக, ஒருவருடைய எண் 22, ஸ்லோப் 120, மைதான மதிப்பீடு பாரைவிட 2 குறைவு என்றால், 23.4-இலிருந்து 2 போய் 21 கிடைக்கும். நீளம் குறைந்த மைதானங்களில் இப்படி எண் இறங்குவது இயல்பு. அதைக் கண்டு யாரும் மனம் கோண வேண்டாம்.

மிட்லண்ட்ஸ் வாசி எழுதியது:

எல்லாரும் புகழ்ந்தே எழுதியிருப்பதால் மறுபக்கத்தையும் ஒருவர் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது. நாட்டுப்புறக் கிளப் ஒன்றுக்கு விருந்தினராகப் போய் நாங்கள் ஏமாந்த அனுபவம் உண்டு. பெயர் வேண்டாம், அது நீங்கள் குறிப்பிட்ட மூன்றில் ஒன்று அல்ல. முழுக் கட்டணமும் முன்கூட்டியே கட்டிவிட்டுப் போனபோதுதான், சில குழிகளில் கிரீன்களை மூடிவிட்டு ஃபேர்வேயிலேயே தற்காலிகக் கிரீன்கள் வெட்டியிருப்பதைச் சொன்னார்கள். மீதமிருந்த கிரீன்களில் புல்லின் காற்றோட்டத்துக்காகத் துளையிட்டு மணல் தூவியிருந்தார்கள். பட்டிங் செய்த பந்து குலுங்கிக் குலுங்கி ஓடியது. எங்களுக்கு முன்னால் அலுவலகக் குழு ஒன்று பெருங்கூட்டமாக இறங்கியிருந்ததால் ஒவ்வொரு டீயிலும் காத்து நின்றோம். கட்டணத்தில் ஒரு பைசாவும் குறைக்கவில்லை.

உறுப்பினருக்கு இந்தச் செய்திகளெல்லாம் முன்பே மின்னஞ்சலில் போய்ச் சேர்ந்துவிடுகின்றன. தொலைவிலிருந்து வண்டி ஓட்டிக்கொண்டு வருகிற விருந்தினருக்கு மட்டும் எவரும் சொல்வதில்லை என்பதுதான் என் மனத்தாங்கல். ஆகவே பணம் கட்டுமுன் தொலைபேசியில் நேரடியாகக் கேளுங்கள்: அன்றைக்கு எல்லாக் கிரீன்களும் திறந்திருக்குமா, துளையிடும் வேலை அண்மையில் நடந்ததா, உங்களுக்கு முன்னால் குழு ஏதும் பதிவாகியிருக்கிறதா? நேர்மையாகப் பதில் சொல்கிற கிளப்புக்குப் போங்கள், பிடிகொடுக்காமல் பேசினால் வேறு இடம் பாருங்கள். அடுத்ததாக, எனக்குத் தனிப்பட்ட முறையில் மரங்கள் சூழ்ந்த மைதானமே பிடிக்கும். திறந்த மேட்டில் காற்று வீசத் தொடங்கினால் நல்ல அடிக்கும் கெட்ட அடிக்கும் வித்தியாசம் தெரியாமல் போய்விடுகிறது.

கோட்ஸ்வோல்ட் குடி எழுதியது:

மிட்லண்ட்ஸ் வாசி சொன்ன கேள்விகளை நான் முழு மனதோடு வழிமொழிகிறேன். துளையிடும் வேலை பெரும்பாலும் வசந்தத்திலும் கோடை முடிவிலும் நடப்பதால் ஜூன் கடைசி ஓரளவு பாதுகாப்பான காலம், இருந்தாலும் கேட்டுவிடுவதே முறை.

காற்றைப் பற்றிச் சொன்னதில் மட்டும் எனக்கு உடன்பாடு இல்லை. காற்றில் அடிகளை எண்ணிக் கூட்டி ஆடினால்தான் மனம் சோரும். குழிக்குக் குழி புள்ளி கொடுக்கும் ஸ்டேபிள்ஃபோர்ட் முறையில் ஆடினால் ஒரு குழியில் எத்தனை அடி வீணானாலும் அந்தக் குழியோடு போய்விடும். அந்த முறையை வகுத்த மருத்துவர் ஃபிராங்க் ஸ்டேபிள்ஃபோர்ட் லிவர்பூலுக்கு எதிர்க்கரையிலுள்ள வாலசி கடற்கரை மைதானத்தில் ஆடியவர். 1932-இல் அங்கேதான் அதை முறையான போட்டியாக நடத்தினார்கள். கடற்காற்றில் இரண்டாம் குழியிலேயே நம்பிக்கை இழந்து நிற்பவர்களுக்காகப் பிறந்த முறை அது என்பார்கள். ஹேண்டிகேப்பைக் கழித்த பின் பார் எடுத்தால் இரண்டு புள்ளி, ஓர் அடி கூடினால் ஒரு புள்ளி, அதற்கும் மேல் போனால் பந்தை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு அடுத்த டீக்கு நடந்துவிடலாம். நான்கு பேர் ஆடும்போது ஆட்டம் தேங்காமல் ஓடவும் அது உதவும்.

சசெக்ஸ் தோழி எழுதியது:

உங்கள் பட்டியலில் இல்லாத ஓர் இடத்தைச் சொல்லலாமா? லண்டனுக்குத் தெற்கே ஃபாரஸ்ட் ரோ ஊரையொட்டி ராயல் ஆஷ்டவுன் ஃபாரஸ்ட் கிளப் இருக்கிறது. 1888-இல் தொடங்கியது, அங்கும் ஒரு மணல் பங்கர்கூடக் கிடையாது. காட்டு நிலத்தின் வடிவத்தை மாற்றக் கூடாது என்ற கட்டுப்பாடே அதற்குக் காரணம். அதற்குப் பதில் ஹெதர் புதர் இருக்கிறது. ஆகஸ்ட் மாதம் ஊதா நிறத்தில் பூத்துக் கண்ணைப் பறிக்கும் அந்தப் புதருக்குள் பந்து போய்விட்டால், தண்டுகள் மட்டையின் கழுத்தைச் சுற்றிப் பிடித்துக்கொள்ளும். வெட்ஜால் பக்கவாட்டில் வெளியே தட்டிவிடுவதே அறிவுடைமை. ஐரோப்பாவும் அமெரிக்காவும் மோதும் ரைடர் கோப்பையின் உச்சியில் நிற்கும் சிறு பொன்னுருவம் யாரை மாதிரியாகக் கொண்டதோ அந்த ஏப் மிட்செல் இந்தக் காட்டோரத்தில் வளர்ந்து ஆட்டம் பழகியவர். உள்ளூர்த் தொழிலாளர்களுக்கென்று தனிக் கிளப் இருந்த ஊர் அது, அவரும் அப்படி வந்தவர்தான்.

பெண் என்ற முறையில் இன்னொன்றும் சொல்ல விரும்புகிறேன். பழைய கிளப்கள் என்றாலே பெண் விருந்தினர்களுக்கு முகம் சுளிப்பார்கள் என்ற அச்சம் எனக்கும் இருந்தது. நான் போன நாட்டுப்புறக் கிளப்களில் அப்படி எதையும் காணவில்லை. பெண்களுக்கான டீயும் அதற்குரிய மதிப்பீடும் எங்கே என்று கேட்டால் நிதானமாக எடுத்துச் சொன்னார்கள்.

வடமுனை எழுதியது:

ஸ்காட்லாந்திலிருந்து இரண்டு வரி. எங்கள் வடக்கில் ப்ரோரா மைதானம் ஆடுமாடுகளுக்கு நடுவே ஆடும் கோல்ஃபுக்குப் பெயர் பெற்றது. கிரீன்களைச் சுற்றித் தாழ்வாக மின்கம்பி கட்டி நெடுங்காலம் கால்நடைகளை விலக்கி வைத்தார்கள். ஹைலண்ட்ஸ் பகுதியின் சின்னஞ்சிறு ஒன்பது குழி மைதானங்கள் சிலவற்றில் கிளப்ஹவுஸில் ஆளே இருக்க மாட்டார்கள். கட்டணத்தை உறையிலிட்டுப் பெட்டியில் போட்டுவிட்டு ஆட வேண்டியதுதான். ஆளில்லை என்பதற்காகக் கட்டாமல் போகிற ஒவ்வொருவரும் அந்த மைதானத்தின் ஆயுளைக் குறைக்கிறார்கள் என்பதை மட்டும் அங்கே வருகிறவர்கள் மனத்தில் கொள்ள வேண்டும்.

நடந்துபோகிறவர்களைப் பற்றி யாரும் எழுதவில்லையே. 2003-ஆம் ஆண்டின் நிலச் சீர்திருத்தச் சட்டப்படி, இங்கே ஆட்டத்துக்கு இடையூறு செய்யாமல், கிரீனை மிதிக்காமல், மைதானத்தைக் குறுக்கே கடந்துபோக யாருக்கும் உரிமை உண்டு. இங்கிலாந்திலும் மந்தைவெளிகளில் நடையர்கள் எங்கும் இருப்பார்கள். கிங்டன் மைதானத்தின் வழியாகவே ஆஃபாஸ் டைக் நெடும்பாதை போகிறது. அவர்களில் பலருக்குப் பந்து எந்தத் திசையிலிருந்து வரும் என்றே தெரியாது. கையசைத்து முதலில் அவர்களைப் போகவிடுங்கள். பந்து திசை தவறினால் தயங்காமல் உரக்க ‘ஃபோர்’ என்று எச்சரித்துக் கத்திவிடுங்கள். வெட்கப்பட்டு வாய்மூடி நிற்பவர்களை நான் பார்த்திருக்கிறேன், அதைப்போல ஆபத்தானது வேறில்லை.

தேம்ஸ்கரை எழுதியது:

அனைவருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. சனிக்கிழமை மின்சின்ஹாம்ப்டன் பழைய மைதானம் என்று முடிவு செய்துவிட்டோம். மிட்லண்ட்ஸ் வாசி சொன்ன கேள்விகளைத் தொலைபேசியில் கேட்டேன், ஒவ்வொன்றுக்கும் தெளிவாகப் பதில் சொன்னார்கள். ஞாயிறன்று மாமனார் ஓய்வெடுத்துக்கொள்ள, நாங்கள் மூவர் மட்டும் பெயின்ஸ்விக் போகலாம் என்று இருக்கிறோம். அவருக்கு ஏறி ஓட்டும் பக்கி வண்டி எடுத்துக் கொடுப்பதா, மின்கலத்தில் ஓடும் தள்ளுவண்டி போதுமா என்பது மட்டும் இன்னும் தீரவில்லை.

கோட்ஸ்வோல்ட் குடி எழுதியது:

மின்கலத் தள்ளுவண்டியே போதும். நிலம் சமமானது, ஆட்டத்தின் சுவையும் பந்துக்குப் பின்னால் நடந்துபோய்த் தரையைக் காலால் உணர்வதில்தான் இருக்கிறது. வண்டி தேவையென்று அவரே சொன்னால் மருத்துவக் காரணத்தைக் குறிப்பிட்டு முன்கூட்டியே கேளுங்கள். பக்கிகளின் எண்ணிக்கை இத்தகைய இடங்களில் குறைவாகவே இருக்கும். சனிக்கிழமை காலையில் உறுப்பினர்களின் போட்டிகள் நடப்பது வழக்கமாதலால் பிற்பகல் நேரமே உங்களுக்குக் கிடைக்கும். ஜூன் கடைசியில் இங்கே இரவு ஒன்பதரை வரை வெளிச்சம் இருக்கும் என்பதால் அது குறையே இல்லை. மாலை நேரக் கட்டணம் தனியாக உண்டா என்றும் கேளுங்கள், பல கிளப்களில் கணிசமாகக் குறையும். மெல்லிய மழைச்சட்டை ஒன்றை ஒவ்வொருவர் பையிலும் வைத்துக்கொள்ளுங்கள். சென்னையிலிருந்து நேரே வருகிறவருக்கு அந்த மேட்டில் ஜூன் மாலையும் குளிரும்.